நாலரை வோல்ட் மேல் விழுந்த பழி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்தில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடித்து, இது சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது என் வேலை. பெங்களூருக்கு வந்ததிலிருந்து இதைச் செய்துதான் பிழைக்கிறேன். அதனால் நான் ஜெயித்த இந்தக் கதையை அடக்க ஒடுக்கமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நான் சொன்னது சரியாக இருந்தது, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ஈஜிபுராவில் நான் குடியிருப்பது மாடிக்கு ஒரு வீடாக ஒல்லியாக உயர்ந்து நிற்கும் பழைய கட்டடம். கீழ்த்தளத்தில் ஓனர் சார். முதல் மாடியில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. இரண்டாம் மாடியில் நான். எனக்கு மேலே சில பேச்சிலர் பையன்கள். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் நிறையும். அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டார் போடும் பொறுப்பு வாரத்துக்கு ஒரு வீடு. எல்லாரும் ஒழுங்காகத்தான் போட்டார்கள். அணைக்கத்தான் மறந்தார்கள்.

தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் அருவியாகக் கொட்டி, அந்த வீட்டு அம்மாள் கன்னடத்தில் எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்த பிறகுதான் யாராவது ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார்கள். கோடையில் டேங்கர் லாரிக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தண்ணீரும் அதேபோலத் தெருவில் ஓடியது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எனக்குச் சின்னச் சின்ன சர்க்யூட் செய்யும் பைத்தியம் உண்டு. சனிக்கிழமை வந்தால் எஸ்.பி. ரோடு சந்துகளில் புகுந்து, பை நிறைய உதிரிப் பாகங்களோடு திரும்புவேன். அப்படித்தான் தொட்டிக்கு ஓர் அலாரம் செய்தேன். தொட்டியின் மேல்மட்டத்தில் இரண்டு ஸ்டீல் கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் தொட்டதும், கீழே மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பஸ்ஸர் கத்தும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி மூன்று. மொத்தம் நாலரை வோல்ட். முதலில் தாமிரக் கம்பி போட்டு ஒரு வாளியில் வைத்துப் பார்த்தேன். சில நாளிலேயே பாசி பிடித்தாற்போல் பச்சையாகி அரித்துவிட்டது. குடிக்கிற தண்ணீரில் அது கரைவது சரியில்லை என்று ஸ்டீலுக்கு மாறினேன். அதிலும் கரண்ட் ஓயாமல் ஓடாதபடி, அவ்வப்போது ஒரு கணம் மட்டும் பாய்ந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிற்கும்படி செய்தேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. தண்ணீரைத் தொடும் எதுவும் சுவரில் இருக்கும் பிளக்கோடு எந்த வகையிலும் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வீட்டு மீன் தொட்டிக்குள் விளக்கு செய்து போட்டிருந்தார். "வெறும் அஞ்சு வோல்ட்தானே" என்று போனில் படம் காட்டினார். அந்த ஐந்து வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நடைபாதைக் கடையில் வாங்கிய மொபைல் சார்ஜரிலிருந்து என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சார்ஜரின் ஒரு பக்கத்தில் ஐந்து வோல்ட் என்றால் மறுபக்கத்தில் இருநூற்றுமுப்பது. நடுவில் இருக்கும் தடுப்பு மட்டமான சரக்காக இருந்து ஒருநாள் கைவிட்டால், அந்த இருநூற்றுமுப்பதும் மீனைப் பார்க்க வந்துவிடும், மீனுக்குத் தீனி போட வந்த விரலையும் பார்த்துவிடும். அன்று மாலையே பிளக்கைப் பிடுங்க வைத்தேன். சின்ன வோல்ட் ஈரக் கையை ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் அது சின்ன வோல்ட்டாகவே இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. பென்சில் பேட்டரி என்றால் அந்தக் கேள்வியே கிடையாது, அதன் பின்னால் வேறு ஒன்றும் ஒளிந்திருப்பதில்லை.

ஓனர் சார் லேசில் சம்மதிக்கவில்லை. அவர் குடும்பம் பல காலத்துக்கு முன்பே இங்கே வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பம். மாநில அரசில் கட்டடப் பிரிவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவர் கண் முன்னால்தான் அடிக்க வேண்டும்.

"ஏம்மா, தண்ணிக்குள்ள கரண்ட் வுடறேன்றியே, யாருக்கானா ஏதானா ஆச்சுன்னா நான்தானே ஸ்டேஷன் படி ஏறணும்?"

"சார், இது கடிகார பேட்டரி. கடிகாரத்தைத் தொட்டு யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா?"

"கடிகாரத்த யாரும் குளிப்பாட்டறது இல்லையே."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, "ஆயிது, சரி, போட்டுத் தொலை" என்று பாதிக் கன்னடத்தில் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அலாரம் தொட்டிக்குள் இறங்கியது. முதல் தடவை பஸ்ஸர் கத்தி, தண்ணீர் ஒரு சொட்டும் வழியாமல் மோட்டார் நின்றபோது பையன்கள் படியில் நின்று கை தட்டினார்கள்.

அதே வாரம் முதல் மாடித் தங்கச்சியின் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். தங்கச்சி என்று நான் கூப்பிடுவது அந்த இளம் மனைவியைத்தான். தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் முடியப் போகிறது. கணவன் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான் என்பதால், பிரசவம் வரைக்கும் துணைக்கு இருக்க வந்த அம்மா. வந்த கையோடு சமையலறையைத் தன் கைக்குக் கொண்டுவந்து, மகளை உட்கார வைத்துச் சோறு போட்டார். படியேறும்போதெல்லாம் அந்த வீட்டு ரசம் என்னை இழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மா என் கதவைத் தட்டவில்லை, இடித்தார். பின்னாலேயே ஓனர் சார். அவருக்குப் பின்னால் படியில், தலையில் சோப்பு நுரையோடு, நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு தங்கச்சி நின்றிருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கற தொட்டில? கொழாயத் தொட்டா எம்பொண்ணுக்கு சுருக்குனு இழுக்குது. வாயும் வயிறுமா இருக்கறவ. நேத்தும் இழுத்துதாம், எங்கிட்ட சொல்லல இவ."

"அம்மா, அது என்னோட அலாரமா இருக்க முடியாது."

"அது இல்லாம வேற எது? இத்தினி நாளா இல்லாதது, நீ அத போட்டப்புறம்தானே வருது?"

கேள்வி நியாயமான கேள்வி. எங்கள் தொழிலிலும் முதலில் அதைத்தான் கேட்போம், கடைசியாக மாறியது எது என்று. ஓனர் சார் தீர்ப்பே எழுதிவிட்டார். இப்போதே அதைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் மாதக் கடைசியில் நான் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும். ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துப் போயிற்று. அவள் பயந்திருந்தாள். மொட்டைமாடிக்கு ஏறினேன். கம்பி, ஒயர், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவந்து அவர்கள் கண் முன்னால் மேசை மேல் வைத்தேன். பேட்டரிகளையும் உருவி எடுத்தேன்.

"அவ்வளவுதான். இனிமே பயம் இல்ல, போயி குளிம்மா" என்றார் ஓனர் சார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர்கள் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். நாலரை வோல்ட்டுக்கு ஒரு கையைச் சுருக்கென்று இழுக்கும் சக்தி கிடையாது. இழுத்தது வேறு ஏதோ ஒன்று. அது இன்னும் அந்தக் குளியலறையில்தான் இருக்கிறது. நான் சும்மா இருந்தால் போதும், நாளைக்கோ மறுநாளோ தங்கச்சியின் கை மறுபடியும் இழுக்கும், என் மேல் விழுந்த பழி தானாக நீங்கும். அப்படி நீங்க வேண்டுமானால் அவள் அந்தக் குழாயை இன்னொரு முறை தொட வேண்டும். ஈரக் காலோடு, வயிற்றில் பிள்ளையோடு. அடுத்த தடவை அது சுருக்கென்று மட்டும் இழுத்து விட்டுவிடும் என்று யார் சொன்னது?

எனக்குப் பயமாக இருந்தது. என்னை வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்பது அந்தப் பயத்தில் எங்கோ மூலைக்குப் போய்விட்டது.

மல்டிமீட்டரையும் ஒரு கட்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். தங்கச்சி குளியலறைக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"குளிக்காத. அஞ்சு நிமிஷம் குடு எனக்கு."

"பண்ணினது போதும்" என்றார் அம்மா. "தலயில நொரையோட நிக்கறா. சளி புடிச்சிக்கப் போவுது."

"இரும்மா" என்றாள் தங்கச்சி. "அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க. பாக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

குழாயில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க, பூமியோடு சந்தேகமில்லாமல் தொடர்புள்ள ஒரு பொருள் வேண்டும். எங்கள் வாசலில் வற்றிப்போன போர்வெல் ஒன்று இருக்கிறது. அதன் இரும்புக் குழாய் பூமிக்குள் வெகு ஆழம் இறங்கியிருக்கும். அதன் விளிம்பைச் சுரண்டி ஒயரின் ஒரு முனையை இறுக்கிக் கட்டினேன். மறுமுனையை முதல் மாடிக் குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். வெந்நீருக்கு வைத்திருக்கும் கீசரின் சுவிட்சு அணைந்திருக்கும்போது, மீட்டரின் ஒரு கிளிப்பைக் குழாயிலும் இன்னொன்றை அந்த ஒயரிலும் மாட்டிவிட்டு, எதையும் தொடாமல் வெளியே வந்து நின்றேன். இப்போது கீசரைப் போடச் சொன்னேன். தங்கச்சி வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள்.

மீட்டர் முப்பது வோல்ட்டைத் தாண்டி ஏறியது. என் பேட்டரிகள் மாடியில் மேசை மேல் தனித்தனியாகக் கிடந்தன.

"பாத்தீங்களாம்மா? தொட்டில இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா குழாயில இருக்கு."

அந்த அம்மாவுக்கு மீட்டர் புரியவில்லை, ஆனால் எண் ஏறியது தெரிந்தது. "அப்ப கீசர்தான் கெட்டுப் போச்சா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீசரை அணைக்கச் சொன்னேன். எண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இறங்கியது. அணைத்துவிட்டுக் குளித்தால் சரியாகப் போய்விடும் என்றுதானே தோன்றும்? அந்த அம்மாவுக்கும் அதுதான் தோன்றியது. சரி, கீசரை மாற்றிக்கொள்ளலாம் என்று சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் கிளிப்பைக் கழற்றக் குனிந்தேன். அதற்குள் மீட்டர் மறுபடியும் ஏறியது.

கீசர் சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. கிளிப்பைத் தொடாமல் பின்வாங்கினேன். அப்போது சமையலறையிலிருந்து ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை வந்தது.

"அம்மா, இப்ப என்ன போட்டீங்க?"

"கரண்ட் அடுப்பு. காஸ் தீந்து போனதுலேர்ந்து இதுலதான் பண்றேன்."

"அணைங்க."

அணைத்தார். எண் இறங்கியது. மறுபடி போடச் சொன்னேன். ஏறியது. அவர் சமையலறை வாசலில் நின்று மீட்டரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் குளிக்கும் நேரத்தில்தான் தினமும் அவர் ரசம் வைத்தார். என் அலாரம் வந்த வாரம்தான் அவரும் வந்தார். அந்த முகம் வெளுத்ததைப் பார்த்தபோது அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது.

"நான் அடுப்பு போட்டதாலயா எம்பொண்ணுக்கு..."

திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. கொடுக்கத் தோன்றவில்லை. "இல்லம்மா. அடுப்பு ஒரு தப்பும் பண்ணல. இந்த வீட்டு ஒயரிங்ல எங்கேயோ தப்பு இருக்கு. அடுப்பு அதக் காட்டிக் குடுத்துது, அவ்வளவுதான்" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது அல்ல, முழு உண்மை.

சத்தம் கேட்டு ஓனர் சார் மேலே வந்தார். சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. கீசர் ஒயரிங் அவர் கண் முன்னால் போட்டது. அவர் கையால் சோதித்தது. கீழே போய் அவருடைய டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுவந்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு யார் குடிவந்தாலும் அவர் போய் இந்தப் பல்பை வைத்துப் பார்த்து, எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்வது வழக்கம். சொன்னால் சொன்னதுதான். கீசர் பிளக் பாயிண்டில் கரண்ட் வரும் ஓட்டையில் ஓர் ஒயர், மேலே இருக்கும் பெரிய எர்த் ஓட்டையில் ஓர் ஒயர். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பாரு. எர்த் இல்லன்னா பல்பு எரியுமா? ஒன் மீட்டர்தான் தப்பு."

ஒரு நிமிடம் நானே ஆடிப்போனேன். எர்த் சரியாக இருந்தால் கீசர் உடம்பில் ஏறும் கரண்ட் பூமிக்குள் போயிருக்க வேண்டும். ஏன் குழாய்க்கு வந்தது? பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல்பு திரும்பிப் போக ஒரு பாதை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அது எந்தப் பாதை என்று அதற்குத் தெரியாது.

"சார், மெயின முழுசா அணைச்சிடுங்க. அந்த பிளக் பாயிண்ட நீங்களே கழட்டுங்க. நான் தொடல."

"கழட்டி என்ன பார்க்கப் போற?"

"தெரியாது சார். பார்க்கலாம்."

அவர் அணைத்தார். ஒருமுறைக்கு இருமுறை பல்பை வைத்து எரியவில்லை என்று உறுதி செய்துகொண்டார். அதில் அவர் சுத்தமான மனிதர். திருப்புளியால் பிளேட்டைக் கழற்றி முன்னால் இழுத்தார். உள்ளே, நியூட்ரல் திருகுக்கும் எர்த் திருகுக்கும் நடுவில், சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் பாலம் போட்டிருந்தது. சுவருக்குள்ளிருந்து வர வேண்டிய பச்சை எர்த் ஒயர் வரவே இல்லை.

தங்கச்சியின் தலையில் நுரை காய்ந்து போயிருந்தது.

விஷயம் இதுதான். கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போகும் வழி நியூட்ரல். ஏதாவது தப்பு நடந்தால் உயிரைக் காப்பாற்றத் தனியாகப் போட்டு வைக்கும் வழி எர்த். இந்த வீட்டில் இரண்டாவது வழியே இல்லை. அதற்குப் பதில் முதல் வழியின் மேலேயே கீசரின் இரும்பு உடம்பைக் கட்டிவைத்திருந்தார்கள். முதல் வழி ஒழுங்காக இருந்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது எங்கேயாவது தளர்ந்தால், வீட்டில் எதைப் போட்டாலும் திரும்ப முடியாத கரண்ட் கீசர் உடம்பில் ஏறும், அங்கிருந்து இரும்புக் குழாயில், குழாயிலிருந்து ஈரக் கையில். அதற்குக் கீசர் சுவிட்சைப் போடவே தேவையில்லை.

ஓனர் சார் திருப்புளியைக் கீழே வைத்தார். அந்தத் துண்டு ஒயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார். "பழைய கட்டடம், எர்த் ஒயரே இல்ல. கீசர் வைக்கறப்ப பல்பு எரியல. குடியிருக்கறவங்களுக்கு ஆபத்துன்னு எலக்ட்ரீஷியன வுட்டு இத போட வெச்சேன். பல்பு எரிஞ்சுது. நல்லதுன்னுதான் நெனச்சேன்."

அவர் தப்பித்துக்கொள்ளப் பார்த்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அவர் பார்க்கவில்லை. தங்கச்சியின் அம்மாவைப் பார்த்து, "அம்மா, தப்பு என்னுது. இந்தப் பொண்ணுது இல்ல" என்றார். பிறகு படியில் நின்று அதையே மேல் மாடிப் பையன்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். என்னை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அவற்றில் பாதி சம்பள உயர்வு தர மனமில்லாதவர்கள் சொன்னவை. அன்று அந்தப் படியில் கேட்டதுதான் எனக்கு இனித்தது.

அன்றே எலக்ட்ரீஷியன் வந்தார். முதல் மாடி மீட்டர் போர்டில் நியூட்ரல் திருகு தளர்ந்து, சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது; அதை அப்போதே மாற்றினார். மற்ற வீடுகளையும் திறந்து பார்த்தோம். எல்லாக் கீசர் பாயிண்டிலும் அதே துண்டு ஒயர், அதே சுண்டு விரல் நீளம். என் வீட்டிலும்தான். ஊராருக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, நானும் அத்தனை நாள் அதன் கீழேதான் வெந்நீரில் குளித்திருக்கிறேன். பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லாக் கீசர்களின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டு, வேலை முடியும் வரை கட்டடத்தில் ஒருவரும் கீசர் போடக் கூடாது என்று ஓனர் சார் உத்தரவு போட்டார். தங்கச்சிக்கு மட்டும் அவர் வீட்டு காஸ் அடுப்பில் தினமும் தண்ணீர் காய்ந்தது. அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினார், பையன்கள் வாங்கிக்கொள்ள வந்தாலும் கொடுக்கவில்லை. வாசலில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, நீளமான எர்த் குழாய் இறக்கினார்கள். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பச்சை ஒயர் ஏறியது. துண்டு ஒயர்களை எல்லாம் ஓனர் சார் தன் கையாலேயே வெட்டினார். ஒவ்வொரு வீட்டு மெயினிலும் கசிவைப் பிடிக்கும் சுவிட்சு ஒன்று வைத்தோம். போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். துளி குறைந்து வேறு வழியில், ஒருவேளை ஓர் உடம்பு வழியாக, போகிறது என்று தெரிந்தால், கண் இமைப்பதற்குள் வீட்டையே அணைத்துவிடும். அதில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. தங்கச்சியை அழுத்தச் சொன்னேன். டக்கென்று வீடு அணைந்தது. அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை அழுத்தட்டுமா என்று கேட்டாள்.

அதற்குள் ஓனர் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த பேட்டரி சமாசாரம் எங்க வெச்சிருக்க?" என்றார். இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். தொட்டி மூடியை அவர் பிடித்துக்கொள்ள, நான் கம்பிகளை இறக்கினேன். இறக்கும்போது, "இதுக்கு சார்ஜர் கீர்ஜர் மாட்ட மாட்டியே?" என்று ஒரு கேள்வி கேட்டார். என் சட்டம் அவருக்கும் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

பாக்கியிருந்தது குளியல் ஒன்றுதான். கீசரைப் போட்டு, சமையலறை அடுப்பையும் போட்டு, எல்லாம் ஓடும்போது குழாயை மீட்டரால் பார்க்க வேண்டும். நான் கிளிப்பை எடுப்பதற்குள் அந்த அம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

"நான் மொதல்ல தொட்டுப் பாக்கறேன். எனக்கு ஏதானா ஆனா ஆவட்டும்."

அவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினேன். கொஞ்சம் கடுமையாகவே இழுத்துவிட்டேன். "யாரும் தொட்டுப் பாக்க வேணாம்மா. நீங்களும் வேணாம், நானும் வேணாம். அதுக்குத்தான் இது இருக்கு" என்று மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கிளிப்பைக் குழாயிலும் இன்னொன்றைப் போர்வெல் ஒயரிலும் எப்படி மாட்டுவது, மாட்டிய பிறகு எப்படி விலகி நிற்பது, எந்த எண்ணைப் பார்ப்பது என்று காட்டினேன். அவர் கீசரைப் போட்டார், அடுப்பைப் போட்டார், திரும்பி வந்து, படிக்காத கண்ணுக்கும் தெரிகிற அந்தச் சைபர் வட்டத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அது மாறவில்லை.

தங்கச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா கதவுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து, "நல்லா சூடா இருக்குக்கா" என்று குரல் வந்த பிறகுதான் பிடியைத் தளர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மீட்டரை நான் திரும்பக் கேட்கவில்லை. இனி அது தேவையில்லை, அந்தக் கசிவுச் சுவிட்சே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எஸ்.பி. ரோடு போய் வேறு வாங்கிக்கொண்டேன். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும், தினமும் காலையில் நான் அலுவலகத்துக்குப் படியிறங்கும்போது முதல் மாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும்.

"சைபர்தான். கொழந்தய கொண்டா."